ஈரம் காயாத மூலையில் காய்கறி: வாசகர் தோட்டக் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழுள்ள சமூகத் தோட்டத்தில் பல ஆண்டுகளாக வெண்டையும் கத்தரியும் பயிரிட்டு வருகிறேன். கனடாவில், வான்கூவருக்குப் பக்கத்திலுள்ள பர்னபியில், மகள் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டில் மார்ச் முதல் ஆறு மாதம் தங்கப் போகிறேன். பின்புறத்தில் உயர்ந்த பலகை வேலிக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு மூலை இருக்கிறது. முன்பு குடியிருந்தவர் அங்கே நான்கு கஞ்சாச் செடிகளை வளர்த்தாராம். அந்த ஊரில் அதற்கு அனுமதி உண்டாம். செப்டம்பர் மழையில் எல்லாம் அழுகிவிட்டதாக வீட்டுக்காரர் மகளிடம் சொல்லியிருக்கிறார். அந்த மண்ணில் நாம் உண்ணும் காய்கறியைப் போடலாமா? குளிரும் ஈரமும் மிகுந்த ஊரில் இடத்தை எப்படித் தயார் செய்வது? பழைய விதை ஏதாவது முளைத்தால் சிங்கப்பூர்க் குடிமகளான எனக்குச் சிக்கல் வருமா?
– ஈசூன் வாசகி

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் அந்தக் கவலை தீர்ந்தால்தான் மண்ணில் மனம் செல்லும். கனடாவில் 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டப்பூர்வமாக்கப்பட்டது. பர்னபி இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் ஒரு வீட்டுக்கு நான்கு செடிகள் வரை வளர்க்கலாம்; ஆனால் பொது இடத்திலிருந்து அவை கண்ணில் படக்கூடாது. சிங்கப்பூர்ச் சட்டமோ நம் குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் கடல் கடந்தும் தொடர்கிறது: வெளிநாட்டில் உட்கொண்டாலும் அது இங்கே குற்றமே. இங்கே கஞ்சாச் செடி வளர்ப்பவருக்கு 20 ஆண்டு வரை சிறையோ 40,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். 500 கிராமுக்கு மேல் கஞ்சாவைக் கொண்டுவருபவருக்கு மரண தண்டனை உண்டு. தானாக முளைத்த கன்றைப் பிடுங்கி எறிவது உட்கொள்வதாகாது. எனினும் அந்த வேலையை மகளிடமே விட்டுவிடுங்கள். இலையையோ விதையையோ வேடிக்கைக்காகக்கூடப் பெட்டியில் வைக்க வேண்டாம். தோட்டத்தில் அணிந்த காலணியைத் திரும்பும் முன் மண் போகக் கழுவிவிடுங்கள்.

இனி அந்த மூலைக்கு வருவோம். அங்கே எது வளர்ந்தது என்பதைவிட, வளர்ந்தது ஏன் அழுகியது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும் செய்தி. முன்பு இருந்தவர் செடிகள் தெருவில் போவோர் கண்ணில் படாதபடி மறைவான இடத்தைத் தேடியிருக்கிறார். உயர்ந்த வேலியும் கொட்டகையும் பார்வையை மறைத்ததோடு காற்றையும் தடுத்திருக்கும். கடற்கரையோரமான அந்த வட்டாரத்தில் செப்டம்பர் பிறந்ததும் பனித்துளி படியும், மழை திரும்பும், வெயில் தாழும். காலையில் நனைந்த பூங்கொத்து மாலை வரை காயாமல் இருந்தால் சாம்பல் நிறப் பூஞ்சணம் உள்ளிருந்தே அதை அரித்துவிடும். இதே பூஞ்சணம்தான் தக்காளிக்கும் ஸ்ட்ராபெரிக்கும் வருகிறது. அதற்குச் செடி வேறுபாடு கிடையாது. ஆகவே பழைய தண்டு, வேர், சருகு அனைத்தையும் பொறுக்கி, உரக்குழியில் சேர்க்காமல் அப்புறப்படுத்திவிடுங்கள். கஞ்சா வளர்ந்ததனால் மண் கெட்டுவிடாது. முன்பு இருந்தவர் பூச்சிமருந்து தெளித்தாரா என்பதை மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

ஈசூனில் தோட்டம் போட்டவருக்கு மழை புதிதல்ல. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. வான்கூவரில் ஏறத்தாழ 1,200தான். அப்படியிருக்க, அந்த ஊர்த் தோட்டக்காரர்கள் ஈரம் ஈரம் என்று ஏன் புலம்புகிறார்கள் என்று நீங்கள் வியக்கலாம். நம் ஊரில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்த மழை, வெயில் வந்ததும் ஆவியாகிவிடும். அங்கே மெல்லிய தூறல் நாள் கணக்கில் நீடிக்கிறது, குளிரில் ஈரம் எழும்புவதில்லை. எனவே நீர் எவ்வளவு விழுகிறது என்பதைவிட, இலையிலும் மண்ணிலும் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதையே நீங்கள் கணக்கிட வேண்டும். இடம் தேர்வது, பாத்தி கட்டுவது, செடிகளுக்கு இடைவெளி விடுவது ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரு கணக்கைக் கொண்டே முடிவு செய்யலாம்.

இடத்தேர்வில் நம்மவர்கள் தவறுவது நிழல் விஷயத்தில்தான். சிங்கப்பூரில் மார்ச் 21 வாக்கில் நண்பகலில் நம் நிழல் காலடியில் கிடக்கும். பர்னபி 49 பாகை வடக்கில் இருப்பதால், அதே நாளில் அங்கே சூரியன் தெற்கு வானில் 41 பாகை உயரத்தில்தான் நிற்கும். இரண்டு மீட்டர் உயர வேலி பாத்திக்குத் தெற்கே இருந்தால், அதன் நிழல் நண்பகலில்கூட இரண்டே கால் மீட்டருக்கு மேல் நீளும். ஜூனில் அது ஒரு மீட்டருக்குச் சுருங்கிவிடும். ஆனால் விதைப்புக் காலத்தில் மண் சூடேற வேண்டியதோ ஏப்ரலிலும் மே மாதத்திலும். வேலி வடக்கே இருந்தால் நிலைமை நேர்மாறு: நண்பகலில் அதன் நிழல் பாத்தியின் மேல் விழாது. ஆகையால் முதல் வாரம் மண்வெட்டியைத் தொடாமல், காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் நிழல் விழும் கோட்டைக் குச்சி நட்டுக் குறித்துவையுங்கள். ஆறு மணி நேர வெயில் கிடைக்காத மூலையாக இருந்தால் அதைக் கைவிட்டு, முற்றத்தின் நடுவே வந்துவிடுவதே நல்லது. காய்கறியை யாருக்கும் மறைக்க வேண்டியதில்லை அல்லவா?

அடுத்து வடிகால். 30 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி, நீரை நிரப்பி ஒருமுறை வடியவிட்டு, மறுபடியும் நிரப்புங்கள். மணிக்கு இரண்டரை சென்டிமீட்டராவது இறங்கினால் குறையில்லை. நீர் குட்டையாய்த் தேங்கினால் தரையில் நட வேண்டாம். சிடார் மரப் பலகையால் 25 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்கள். மேட்டுப்பாத்தி வசந்தத்தில் விரைவாகச் சூடேறும். பழைய ரயில் தண்டவாளக் கட்டைகள் மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள், அவற்றில் ஊறியிருக்கும் தார் எண்ணெய் உணவுப் பயிருக்கு ஆகாது. பக்கத்தில் சிடார் மரங்களை நெருக்கி நட்ட உயிர்வேலி இருந்தால் பாத்தியை அதிலிருந்து விலக்கி அமையுங்கள். அதன் வேர் உரத்தைத் தேடி உள்ளே வந்துவிடும்.

நீங்கள் போய்ச் சேரும் மார்ச்சில் மண் சொதசொதவென்று இருக்கும், ஆர்வத்தில் உடனே கிளறத் தோன்றும். ஒரு பிடி மண்ணை உருண்டையாகப் பிடித்து விரலால் தட்டிப் பாருங்கள்; உதிர்ந்தால் கிளறலாம், களிமண்போல் பளபளத்தால் பொறுக்க வேண்டும். ஈர மண்ணை மிதித்தால் காற்றறைகள் நசுங்கிவிடும், அந்தப் பருவம் முழுதும் அது தேறாது. பாத்தியின் மேல் பிளாஸ்டிக் விரிப்பை இரண்டு மூன்று வாரம் போட்டுவைத்தால் மழை உள்ளே இறங்காமல் மண் உலரத் தொடங்கும்.

பல காலமாகப் பெய்யும் மழை அந்தக் கரையோர மண்ணிலிருந்து சுண்ணத்தைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டதால், மண் பொதுவாக அமிலத்தன்மை கொண்டது. பக்கத்திலுள்ள ஃபிரேசர் பள்ளத்தாக்கில் புளூபெரி செழித்து வளர்வதற்கு அதுவும் ஒரு காரணம். கத்தரிக்கும் கீரைக்கும் 6 முதல் 7 வரையிலான கார அமில அளவு (pH) வேண்டும். மண்ணைப் பரிசோதித்த பிறகே டோலமைட் சுண்ணாம்பை அளவாக இடுங்கள். இலையுதிர்காலமே அதற்கு உகந்த நேரம் என்றாலும், நடுவதற்குச் சில வாரம் முன்பு மார்ச்சில் இட்டாலும் பலன் உண்டு. சாணியுரத்தையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் கலக்க வேண்டாம், தழைச்சத்து வாயுவாகப் பறந்துவிடும்.

மல்லி, வெந்தயம், கடுகுக்கீரை, பட்டாணி ஆகியவற்றை ஏப்ரலில் நேரடியாக விதைக்கலாம். மிளகாய், தக்காளி நாற்றுகளை மார்ச்சிலேயே சன்னலோரத்தில் வளர்த்து, மே கடைசியில் வெளியே நடுங்கள். வெண்டையை மறந்துவிடுங்கள், அதற்குத் தேவையான இரவுச் சூடு அங்கே பெரும்பாலும் கிடைக்காது, எனக்கும் வருத்தம்தான். தக்காளிக்கு மட்டும் கூரை வேண்டும். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்த அதே கருகல் நோய், இலை நனைந்தே இருக்கும் இடங்களில் தக்காளியையும் சில நாள்களில் கருக்கிவிடும். மலேசியாவின் கேமரன் மலைக்குச் சென்றவர்கள் சரிவெங்கும் பிளாஸ்டிக் கூரைகளைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல் மேலே மட்டும் ஒளி புகும் தகடு, நான்கு பக்கமும் திறப்பு என்று அமைத்து, செடிக்குச் செடி 60 சென்டிமீட்டராவது விட்டு, நீரை வேரில் மட்டும் ஊற்றுங்கள். கொட்டகையோரம் கிடக்கும் பழைய பலகைகளை அகற்றுவதும் அவசியம். ஓடில்லா நத்தைகள் பகலில் பதுங்குவது அவற்றின் அடியில்தான்.

கேள்வி: கிளாஸ்கோவில் படிக்கும் என் மகனுக்கு நண்பர் வழியாகச் சிறு தோட்டத் துண்டு கிடைத்துள்ளது. முழுதும் களிமண். ஒரு மூட்டை மணலைக் கலந்தால் நீர் வடியுமா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: வேண்டாம். களிமண்ணின் நுண்துகள்கள் மணலின் இடுக்குகளை அடைத்துவிடுவதால், கொஞ்சமாகச் சேர்த்த மணல் மண்ணைச் செங்கல்லுக்கு நெருக்கமாக்கிவிடும். மட்கிய இலையையும் தொழுவுரத்தையும் ஆண்டுதோறும் ஐந்து சென்டிமீட்டர் கனத்துக்கு மேலே பரப்பச் சொல்லுங்கள், மண்புழுக்கள் கீழே இழுத்துக்கொள்ளும். பாத்தியில் கால் வைக்காமல் பலகை போட்டு அதன்மேல் நின்று வேலை செய்யட்டும். முதல் ஆண்டில் உருளைக்கிழங்கு நட்டால், கிழங்கைத் தோண்டி எடுக்கும்போதே மண்ணும் கிளறப்பட்டுவிடும்.