அமெரிக்க விடுதலைப் போராட்டத்தை 12 வயதுப் பிள்ளைக்கு வீட்டில் எப்படிச் சொல்லித் தருவது?

போர்களின் பட்டியலில் தொடங்காதீர்கள், தேயிலையில் தொடங்குங்கள். 1773-இல் பிரிட்டன் கொண்டுவந்த தேயிலைச் சட்டத்தால், அப்போது அதன் ஆட்சியில் இருந்த அமெரிக்கக் குடியேற்றங்களில் தேயிலை விலை குறையத்தான் செய்தது. அப்புறம் ஏன் அங்கிருந்தவர்கள் பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினார்கள்? இதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள், ஒரு நாள் முழுக்க யோசிக்கட்டும். லண்டன் நாடாளுமன்றத்தில் தங்களுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லாதபோது, தங்கள்மீது வரி போட அதற்கு என்ன உரிமை என்பதுதான் அவர்கள் கோபம்.

அது இந்தியாவை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலை என்றதும் என் மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

சரி, 1776 விடுதலைப் பிரகடனத்துக்கு வரும்போது ஒன்றை மறைக்க வேண்டாம்: எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய ஜெஃபர்சன் அடிமைகளை வைத்திருந்தார். இந்த வயதுக்கு அந்த முரண் நன்றாகவே புரியும்.