டேங்க் இன்ஸ்பெக்டர் ஆக எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறேன், வயது 24. மணலியில் ஒரு என்டிடி (பொருளைச் சேதப்படுத்தாமல் சோதிக்கும்) ஒப்பந்த நிறுவனத்தில் யுடி (அல்ட்ராசோனிக், அதாவது மீயொலிச் சோதனை) டெக்னீஷியனுக்கு உதவியாளாக ஒரு வருடமாக இருக்கிறேன். எண்ணெய்ச் சேமிப்புத் தொட்டிகளை ஆய்வு செய்யும் இன்ஸ்பெக்டர் ஆக வேண்டும் என்று ஆசை. ஒரு பயிற்சி நிறுவனம், '12 நாள் வகுப்பில் ஏபிஐ 653 சான்றிதழ் எடுத்துவிடலாம், அனுபவக் கடிதத்தை நாங்களே ஏற்பாடு செய்கிறோம், வளைகுடாவில் வேலையும் உறுதி' என்கிறது. நகையை அடகு வைத்துச் சேரலாமா? தொட்டிக்குள் இறங்குவது ஆபத்து என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: நகை வீட்டிலேயே இருக்கட்டும். வேலை நல்ல வேலைதான். நீங்கள் நிற்கும் இடமும் சரியான இடம்தான். அந்த நிறுவனம் காட்டுகிற வழிதான் தலைகீழாக இருக்கிறது.

ஏபிஐ 653 என்பது அமெரிக்கப் பெட்ரோலியம் இன்ஸ்டிடியூட் வெளியிடும் தரநூல். ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள தொட்டிகளை எப்படி ஆய்வு செய்வது, பழுது பார்ப்பது, மாற்றுவது, பிரித்த தொட்டியைத் திரும்பக் கட்டுவது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. புதுத் தொட்டி கட்ட ஏபிஐ 650 தனியாக உண்டு. 653-இன் முதல் பதிப்பு 1991-இல் வந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1988 ஜனவரி 2 அன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஃபுளோரெஃப் என்ற ஊரில் ஒரு டீசல் தொட்டி, நிரப்பிக்கொண்டிருக்கும்போதே செங்குத்தாகப் பிளந்து சரிந்தது. சுமார் 40 லட்சம் காலன் கொள்ளளவு. அதில் ஏழரை லட்சம் காலன் அளவுக்கு மொனாங்கஹேலா ஆற்றில் கலந்தது. ஒஹையோவில் 40 வருடம் ஓடிய தொட்டியைப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே திரும்பக் கட்டியிருந்தார்கள். பழைய இரும்பில் ஏற்கெனவே இருந்த ஒரு சிறு குறை, குளிரில் விரிசலாக ஓடிவிட்டது. முழு உயரத்துக்குத் தண்ணீர் நிரப்பிச் சோதிக்கவும் இல்லை. 653-இல் பழைய தொட்டிகளின் உடையும் தன்மைக்கும் ஹைட்ரோ டெஸ்டுக்கும் (தண்ணீர் நிரப்பும் சோதனை) தனித்தனிப் பகுதிகள் இருக்கின்றன. படிக்கும்போது இந்த விபத்தை மனதில் வைத்துக்கொண்டால் அந்தப் பக்கங்கள் வறட்சியாகத் தெரியாது.

இப்போது 653 ஆய்வாளர் சான்றிதழுக்கான தகுதிக்கு வருவோம். பொறியியல் பட்டம் இருந்தால் ஒரு வருட அனுபவம், டிப்ளமோவுக்கு இரண்டு வருடம், பள்ளிப் படிப்பு மட்டும் என்றால் மூன்று வருடம், அதுவும் இல்லையென்றால் ஐந்து வருடம். இது ஏபிஐ வைத்திருக்கும் கணக்கு. அனுபவம் என்றால் ஆய்வு வேலையை நேரடியாகச் செய்தது, அல்லது மேற்பார்வையிட்டது. உங்கள் ஒரு வருடம் இதில் சேருமா என்பது நீங்கள் உண்மையில் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. புரோபைப் (ஒலியை அனுப்பி வாங்கும் கருவிமுனை) பிடித்து அளவெடுத்து, ரிப்போர்ட்டில் உங்கள் பெயர் ஏறியிருந்தால் பேசலாம். ஜெல் டப்பாவையும் வயரையும் தூக்கிக்கொண்டு பின்னால் போனது மட்டும் என்றால் அது ஆய்வு அனுபவம் ஆகாது.

அந்த 'ஏற்பாடு செய்த' கடிதத்தின் ஆபத்து இங்கேதான். விண்ணப்பத்தில் எழுதிக் கொடுக்கும் வேலை விவரத்தைப் பழைய நிறுவனத்திடம் கேட்டுச் சரிபார்க்க முடியும். பொய் என்று தெரிந்தால் சான்றிதழ் போகும். பிடிபடாமல் போனாலும் தப்பிக்க முடியாது. வளைகுடாவில் பெரிய எண்ணெய் நிறுவன வேலை என்றால், சான்றிதழ் இருந்தாலும் வாடிக்கையாளர் தரப்பில் ஒருவர் உட்கார்ந்து நேர்காணல் வைப்பார். 'கடைசியாகத் திறந்த தொட்டியில் பாட்டம் பிளேட்டின் (அடித்தகட்டின்) எந்த இடம் அதிகமாக அரித்திருந்தது, ஏன்?' என்று ஆரம்பிப்பார். 12 நாள் வகுப்பில் இதற்குப் பதில் கிடைக்காது.

தேர்வைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். 170 கேள்விகள், அதில் 140-க்குத்தான் மதிப்பெண். மீதி 30 சோதனைக் கேள்விகள், எவை என்று உங்களுக்குத் தெரியாது. முதல் பகுதியில் புத்தகம் பார்க்கக் கூடாது, இரண்டாம் பகுதியில் பார்க்கலாம். கணினியில் எழுதும் ஒரு நாள் தேர்வு, முழுக்க ஆங்கிலம். 653, 650 மட்டும் படித்தால் போதாது. கத்தோடிக் பாதுகாப்புக்கு (மின்சாரத்தால் துருவைத் தடுப்பது) 651, உட்பூச்சுக்கு 652, சேத வகைகளுக்கு 571, வெல்டிங்குக்கு 577, ஆய்வு முறைகளுக்கு 575, அப்புறம் அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கமான ஏஎஸ்எம்இ-யின் தரநூலில் ஐந்தாம், ஒன்பதாம் பகுதிகள் என்று பட்டியல் நீளும். சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். புதுப்பிக்கும்போது இந்த மூன்று வருடத்தில் குறைந்தது 20 சதவீத நேரம் ஆய்வு வேலையில் இருந்திருக்க வேண்டும். அதாவது எடுத்துவிட்டு வேறு வேலைக்குப் போனால் அது சுவரில் மாட்டிய காகிதம்.

என் கருத்தில் ஏபிஐ 653 இந்தத் தொழிலின் மாடி. நீங்கள் இப்போது போட வேண்டியது கீழ்த்தளம், அதாவது யுடி. தடிமன் அளவைப் பிழையில்லாமல் எடுக்கத் தெரியாதவருக்கு மற்றதெல்லாம் எடுபடாது. டி-மீட்டரை (தடிமன் அளக்கும் கருவி) வைத்தால் எண் வந்துவிடுகிறது, இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். பெயின்ட் மேலேயே சாதாரண புரோபை வைத்துப் பாருங்கள். பெயின்டில் ஒலி மெதுவாகப் போவதால், அரை மில்லிமீட்டர் பூச்சு ஒரு மில்லிமீட்டருக்கும் மேலாகக் கணக்கில் ஏறி, தேய்ந்த தகட்டை நல்ல தகடாகக் காட்டும். இதற்கு நேர்மாறாக, 10 மில்லிமீட்டர் ஷெல் (சுற்றுச்சுவர்) தகட்டில் எல்லா இடமும் 9.8, 9.7 என்று வந்துவிட்டு ஒரு இடத்தில் மட்டும் 5.1 என்று வரும். புதிதாக வந்தவர் 'பாதி அரித்துவிட்டது' என்று எழுதிவிடுவார். சுற்றிலும் கட்டம் போட்டு நெருக்கமாக அளந்தால், ஓரம் சரிவாக இறங்காமல் சட்டென்று 9.7-இலிருந்து 5.1-க்குக் குதிப்பது தெரியும். அது அரிப்பாக இருக்க வாய்ப்பு குறைவு. உருட்டும்போதே தகட்டின் நடுவில் உண்டான லேமினேஷனாக (தகட்டுக்குள் அடுக்காகப் பிரிந்த குறை) இருக்கலாம். ஏ-ஸ்கேன் (திரும்பி வரும் ஒலியின் அலைவரைபடம்) பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும். அரிப்பு என்றால் தகட்டை வெட்டி மாற்றுகிற முடிவு, லேமினேஷன் என்றால் குறித்து வைத்துக்கொண்டு கவனிக்கிற முடிவு. உங்கள் டெக்னீஷியன் பக்கத்தில் நிற்கும்போது இதையெல்லாம் கேளுங்கள். கேட்டால் சொல்லிக்கொடுக்காதவர் குறைவு.

ஆகவே முதல் வேலை யுடி லெவல் 2 (இரண்டாம் நிலைச் சான்று), கூடவே பிடி (சாயம் ஊடுருவும் சோதனை), எம்டி (காந்தத் துகள் சோதனை), விடி (கண்ணால் பார்க்கும் சோதனை). சென்னையிலேயே இந்திய என்டிடி சங்கத்தின் தலைமையகம் இருக்கிறது, திருச்சியில் பெல் வளாகத்தில் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இரண்டு இடத்துப் பயிற்சிக்கும் மதிப்பு உண்டு. ஒன்றைக் கவனியுங்கள்: எஸ்என்டி-டிசி-1ஏ என்ற அமெரிக்க வழிகாட்டு முறையில் லெவல் 2 சான்று தருவது உங்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனம். வகுப்பு நேரத்தோடு வேலை செய்த நேரமும் சேர்ந்தால்தான் அது முழுமை. யுடிக்கு லெவல் 1-க்கு 40 மணி, லெவல் 2-க்கு இன்னொரு 40 மணி வகுப்பு. அதற்கு மேல் நூற்றுக்கணக்கான மணி நேரக் கைவேலை. ஐந்து முறைகளையும் ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் அந்த மணி நேரம் எங்கே என்று கேட்டுப் பாருங்கள். ஐந்தாவதான ஆர்டி (கதிர்வீச்சுப் படச் சோதனை) மட்டும் தனிக்கதை. கதிரியக்கம் சம்பந்தப்பட்டது என்பதால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் வரும், இப்போதைக்கு விட்டுவிடலாம்.

அதற்கு அடுத்த படி வெல்டிங் ஆய்வு. பிரிட்டனின் சிஎஸ்விப் 3.1 அல்லது அமெரிக்க வெல்டிங் சங்கத்தின் சிடபிள்யூஐ, இந்த வெல்டிங் இன்ஸ்பெக்டர் சான்றிதழ்களில் ஏதாவது ஒன்று போதும். தொட்டியில் பழுது என்றால் பெரும்பாலும் வெல்டிங்தான். புதிதாகப் போட்ட பேட்ச் பிளேட்டின் (ஒட்டுத் தகட்டின்) வெல்டை வேக்குவம் பாக்ஸ் வைத்து, சோப்பு நீரில் குமிழி வருகிறதா என்று பார்ப்பவரும் நீங்கள்தான்.

தொட்டி ஆய்வாளர் உண்மையில் எதற்குச் சம்பளம் வாங்குகிறார் என்பதற்கு ஒரு கணக்கைக் காட்டுகிறேன். 6.4 மில்லிமீட்டர் பாட்டம் பிளேட், 12 வருடம் கழித்துத் தொட்டியைத் திறந்திருக்கிறார்கள். எம்எஃப்எல் (காந்தப்புலக் கசிவு) ஸ்கேன் செய்து, சந்தேகம் வந்த இடங்களை யுடியில் உறுதி செய்கிறீர்கள். மண் பக்கம் அரித்த இடத்தில் மீதி 4.6. உள் பக்கம் குழி விழுந்த வேறொரு இடத்தில் மீதி 5.2. மண் பக்கம் வருடத்துக்கு 0.15, உள் பக்கம் 0.10 என்று தேய்ந்திருக்கிறது. கசிவைக் கண்டுபிடித்துத் தாங்கும் ஏற்பாடு எதுவும் அடியில் இல்லை என்றால், அடுத்த முறை திறக்கும்போது 2.54-க்குக் குறையாமல் தகடு இருக்க வேண்டும். ஏற்பாடு இருந்தால் 1.27 போதும். புதியவர் என்ன செய்வார்? 4.6-இலிருந்து 2.54 வரை 2.06 இருக்கிறது, 0.15-ஆல் வகுத்தால் 13 வருடத்துக்கு மேல் வருகிறது என்பார். 653 அப்படிக் கணக்குப் போடவில்லை. குறைந்த மீதியை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கத் தேய்மானத்தையும் கூட்டச் சொல்கிறது. ஏனென்றால் அடியில் மெலிந்த அதே இடத்துக்கு மேலே நாளை ஒரு குழி விழாது என்று யாரும் எழுதித் தர முடியாது. 2.06-ஐ 0.25-ஆல் வகுத்தால் எட்டு வருடத்துக்குச் சற்று மேல். உள்ளே நல்ல லைனிங் (உட்பூச்சு) போட்டால் உள் பக்கத் தேய்மானம் கணக்கிலிருந்து போய்விடும், மறுபடி 13-க்குப் பக்கம் வரும். மெலிந்த இடத்துக்கு மட்டும் பேட்ச் போடுவதா, முழுக்க லைனிங் செய்வதா, எட்டு வருடத்தில் மறுபடி திறப்பதா என்று தொட்டிக்காரர் செலவுக் கணக்கு போடுவது உங்கள் எண்களை வைத்துத்தான். இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த இடமும் இதுதான்.

நம் ஊர் எண்ணெய்க் கிடங்குகளுக்கு ஓஐஎஸ்டி-129 என்ற இந்தியத் தரநூல் இருக்கிறது. அதையும் 653-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இந்தியாவில் மூன்றாம் தரப்பு ஆய்வு நிறுவனத்தில் சேர நினைத்தால் அது உடனே கைகொடுக்கும்.

வீட்டார் பயத்தைச் சும்மா தள்ளிவிட வேண்டாம், அது நியாயமான பயம். தொட்டி ஆய்வில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் உயரமும் காற்றும்தான். காலையில் கேஸ் டெஸ்ட் எடுத்து ஆக்சிஜன் சரி, எரிவாயு பூஜ்யம் என்று பெர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டில்) எழுதியிருப்பார்கள். பத்து மணிக்கு ஒருவர் மூலையில் கிடக்கும் ஸ்லட்ஜை (எண்ணெய்ச் சகதி) மண்வெட்டியால் கிளறுவார். அடைந்து கிடந்த வாயு அப்போதுதான் வெளியே வரும். அதனால் காலை எடுத்த எண்ணை மதியத்துக்கு நம்பக் கூடாது, ஆள் உள்ளே இருக்கும் வரை மீட்டரும் உள்ளே இருக்க வேண்டும். மிதக்கும் கூரையின் கால்கள் உள்ளீடற்ற குழாய்கள். அவற்றுக்குள்ளும், துளை விழுந்த பாட்டம் பிளேட்டுக்கு அடியிலும் எண்ணெய் தங்கியிருக்கும். மேலே துடைத்துப் பளபளவென்று இருந்தாலும் அங்கே கேஸ் கட்டிங் வைத்தால் தீப்பிடிக்கும். கந்தகம் மிகுந்த கச்சா எண்ணெய்த் தொட்டியில் உள்ள இரும்பு சல்ஃபைடு படிவு காய்ந்தால் தானாகவே எரியத் தொடங்கும் என்பதால் அதை ஈரமாகவே வைப்பார்கள். மேன்ஹோல் வாசலில் கண்காணிப்பு ஆள் இல்லையென்றால் உள்ளே போகாதீர்கள். மேனேஜர் அவசரப்படுத்தினாலும் போகாதீர்கள். மறுக்கும் உரிமை பெர்மிட் முறையிலேயே இருக்கிறது. ஆனால் ஒன்று: மூடிய இடத்தில் மூச்சு முட்டுவது போல் தோன்றும் சுபாவம், உயரத்தில் தலைசுற்றல் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். மணலியிலேயே ஆலைக் குழாய்கள் (பைப்பிங்), பிரஷர் வெசல் (அழுத்தக் கலன்) ஆய்வு என்று வேறு பாதைகள் உண்டு. ஏபிஐ 570, 510 என்று அவற்றுக்கும் இதே அமைப்பில் சான்றிதழ்கள் இருக்கின்றன. வேலை வாய்ப்பு என்று பார்த்தால் 653-ஐ விட அவற்றுக்குத்தான் அகலம் அதிகம். பலர் மூன்றையும் வைத்திருப்பதும் அதனால்தான்.

இன்றிலிருந்து ஒரு நோட்டு போடுங்கள். தேதி, தொட்டியின் விட்டம், உயரம், உள்ளே என்ன சரக்கு, நீங்கள் கையால் செய்த வேலை, எத்தனை மணி, யார் மேற்பார்வை. மாதம் ஒருமுறை மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அவர் கம்பெனி மாறிய பிறகு தேடி அலைவது பெரும் தொல்லை. வாடிக்கையாளரின் வரைபடத்தையும் ரிப்போர்ட்டையும் போனில் படம் எடுத்து வைக்காதீர்கள், வேலையே போய்விடும். அடுத்த ஷட்டவுனில் தொட்டி திறக்கும் குழுவில் போடச் சொல்லி இப்போதே கேட்டு வையுங்கள். பைப் ரேக்கில் ஒரு வருடம் அளவெடுப்பதை விட, சுத்தம் செய்வதில் தொடங்கி ஹைட்ரோ டெஸ்ட் வரை ஒரே ஒரு தொட்டியைப் பார்த்தால் கற்பது அதிகம்.

யுடி லெவல் 2 கையில் வந்து, நோட்டில் இரண்டு வருடம் நிறைந்ததும் ஏபிஐ இணையதளத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள், இடைத்தரகர் தேவையில்லை. கட்டணமும் தேர்வு நடக்கும் மாதங்களும் எந்தெந்த நூலின் எந்தப் பதிப்பு என்ற பட்டியலும் அங்கேயே இருக்கும். பதிப்பு மாறிக்கொண்டே இருப்பதால் நண்பரின் பழைய ஜெராக்ஸை நம்பிப் படிக்க வேண்டாம். அப்போது பயிற்சி வகுப்பு வேண்டும் என்று தோன்றினால் சேருங்கள், தவறில்லை. சம்பளத்தில் கட்டக்கூடிய தொகையாகத்தான் இருக்கும்.