கலப்பற்று

அன்புள்ள ஐயா,

நான் துபாயில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் கீழக்கரைப் பக்கம். பாரசீகக் கவிதை என்றால் எனக்கு உயிர். கூட வேலை செய்யும் நண்பர் ஒருவர் பந்தர் அப்பாஸ்காரர். அவர் அழைத்ததால் சென்ற குளிர்காலத்தில் ஆறு நாள் ஈரானின் தென்கரையில் இருக்கும் ஹோர்மோஸ்கான் மாகாணத்தைச் சுற்றி வந்தேன். உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றம்தான். கவிஞர் ஹாஃபிஸின் நாட்டைத் தேடிப் போனவனுக்குக் கிடைத்தது சமோசாவும் பக்கோடாவும் புளிக்குழம்பும். உடையில் அரபு, மத்தளத்தில் ஆப்பிரிக்கா, ஊர் நடுவே 1892-ல் கட்டிய இந்துக் கோயில். வழியில் போன மாலுமிகள் நங்கூரம் போட்டு, ஆளுக்கொன்றை விட்டுப் போன இடம்போல இருந்தது. அவர்களுக்கே உரியது என்று நண்பர் காட்டியது மண்ணைக் கலந்து செய்த ஒரு மீன் சாறு. அவர் அம்மா அதை ரொட்டியில் ஊற்றிக் கொடுத்தார். என்னால் சாப்பிட முடியவில்லை, அப்படியே வைத்துவிட்டேன். மண் தின்பது உடம்புக்கு நல்லதா? கலப்பற்ற பாரசீகப் பண்பாட்டைப் பார்க்க இஸ்ஃபஹான் போகலாம் என்றிருக்கிறேன். எந்த மாதம் போகலாம்? கைவினைப் பொருட்களில் எதை வாங்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

ஏப்ரலில் போங்கள். மண் உடம்புக்கு நல்லதா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கைவினைப் பொருட்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், மறக்காமல் இருந்தால்.

இந்த மாதிரிப் பயணக் கேள்விகளுக்கு நான் தனியாகப் பதில் போட்டுவிடுவதுதான் வழக்கம். இதைப் பொதுவில் எழுதக் காரணம் உங்கள் கடிதத்தில் இருக்கும் ஒரே ஒரு சொல். கலப்பற்ற. போன வாரம் வீட்டில் பழைய சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தபோது என் தாய்மாமாவின் உளி ஒன்று கையில் அகப்பட்டது. முனை மழுங்கிய, அகலமான இரும்பு உளி. அதனால் எதையும் வெட்ட முடியாது. அது திணிப்பதற்கான உளி. மாமா தூத்துக்குடியில் தோணி கட்டும் இடத்தில் கலப்பத்து வேலை பார்த்தவர். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இருக்கும் சந்தில், எண்ணெயில் ஊறிய பஞ்சுத் திரியை வைத்து அடித்து இறுக்குகிற வேலை. அகராதியில் பார்த்தால் அந்தச் சொல் 'கலப்பற்று' என்று இருக்கும். உளியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாரத்தில்தான் 'கலப்பற்ற பாரசீகம்' என்று உங்கள் கடிதம் வருகிறது.

நீங்கள் நினைக்கும் கலப்பற்று வேறு, என் மாமா அடித்த கலப்பற்று வேறு. மாமா சொன்ன சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? போர்த்துகீசியர் வாயிலும் இருக்கிறது, அரபியிலும் இருக்கிறது. நீங்கள் ஆறு நாள் சுற்றிவிட்டு வந்த அந்தக் கடற்கரையில் இதே வேலைக்கு 'கலஃபாத்' என்று பெயர். அங்கே மரக்கப்பல் கட்டுகிறவரை 'கலாஃப்' என்கிறார்கள். சந்து அடைக்கும் வேலையின் பெயரே கப்பல் கட்டுகிறவருக்கும் பெயராகிவிட்டது. பலகையைச் சேர்ப்பவனுக்கு அல்ல, ஆணி அடிப்பவனுக்கு அல்ல, பஞ்சு திணிப்பவனுக்குத்தான் அந்தக் கரை கப்பல்காரன் என்ற மரியாதையைக் கொடுத்திருக்கிறது.

நீங்கள் குறை சொல்லும் வரியையே எடுத்துக்கொள்வோம். 'மாலுமிகள் நங்கூரம் போட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். மாலுமி என்பது அரபியின் முஅல்லிம், கப்பலுக்கு வழி சொல்லும் ஆசான். நங்கூரம் பாரசீகத்தின் லங்கர். படகைத் திருப்பும் சுக்கானும் அரபிதான். உங்கள் ஊர்ப் பக்கத்துப் பெரியவர்கள் கப்பல் தலைவனை நாகுதா என்பார்களே, அது பாரசீகம். 'நாவ்' என்றால் கப்பல், 'கோதா' என்றால் தலைவன். அந்தக் கரையிலிருந்து வந்த சொற்களைத் தமிழ் என்றே நினைத்துப் பேசுகிறீர்கள், எழுதுகிறீர்கள். அதில் தவறே இல்லை, அவை தமிழ்தான், உங்கள் பாட்டன் வாயில் வளர்ந்த சொற்கள். அப்படியானால் பந்தர் அப்பாஸ்காரர் புளி கரைத்தால் மட்டும் அது எப்படி இந்தியாவிடம் வாங்கிய கடனாகும்? இந்த இடத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது, மறைக்க விரும்பவில்லை.

இன்னொன்று. சமோசாவைப் பார்த்து ஏமாந்தேன் என்கிறீர்கள். சமோசா பாரசீகம் ஐயா! 'சன்பூசா' என்ற சொல்லும் பண்டமும் அங்கிருந்துதான் நம் பக்கம் வந்தன. 11-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பைஹகியின் எழுத்திலேயே அது வருகிறது. பாரசீகத்தைத் தேடிப் போய், பாரசீகத்தைத் தட்டில் பார்த்து, 'இது நம்ம ஊர்ச் சரக்கு' என்று ஒதுக்கி வைத்துவிட்டீர்கள்.

புளிக்குழம்பு என்று நீங்கள் ஒரே சொல்லில் தள்ளியது 'கலியே மாஹி'. புளியின் பெயர் அங்கே 'தம்ரே ஹிந்தி', இந்தியப் பேரீச்சை. சரி, பெயரிலேயே நாம் இருக்கிறோம். ஆனால் உங்கள் வீட்டுக் குழம்பில் கொத்தமல்லி கடைசியில் மேலே தூவுகிற இலை. அங்கே கட்டுக்கட்டாகக் கொத்தமல்லியைப் பொடிப்பொடியாக நறுக்கி, கொஞ்சம் வெந்தயக்கீரை சேர்த்து, எண்ணெயில் கரும்பச்சையாகும் வரை வதக்குவார்கள். கீரைதான் குழம்பின் உடம்பு. பூண்டும் மிளகாயும் புளியும் அதற்குள் போகின்றன. ஒரு வாய் போட்டிருந்தால் தெரிந்திருக்கும், உங்கள் அம்மா வைப்பதற்கும் இதற்கும் உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

ஹாஃபிஸைச் சொல்கிறீர்கள். அவரைப் பற்றி வரலாற்றாசிரியர் பெரிஷ்டா ஒரு கதை எழுதியிருக்கிறார். தக்காணத்து பாமினி சுல்தான் அழைத்ததால் ஹாஃபிஸ் ஷிராஸிலிருந்து கிளம்பி ஹோர்முஸ் தீவு வரைக்கும் வந்துவிட்டார். கப்பலும் ஏறிவிட்டார். காற்று எழுந்து கடல் கொந்தளித்தது. இறங்கி, ஒரு கஸலை எழுதி அனுப்பிவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டார். அவர் திரும்பியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் இடம் ஷிராஸ். ஆனால் அந்தக் கரையில் இருப்பவர்கள் கப்பலிலிருந்து இறங்காதவர்கள். அவர்கள் செய்ததை ஷிராஸ் அளவுகோலை வைத்து அளந்தால் குறைவாகத்தான் தெரியும்.

இஸ்ஃபஹானில் கலப்பில்லை என்று யார் உங்களுக்குச் சொன்னது? ஷா அப்பாஸ் 1600-களின் தொடக்கத்தில் ஆர்மேனியர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய ஜுல்ஃபா அங்கேதான் இருக்கிறது, அவர்களுடைய தேவாலயங்களோடு. அதே ஷா அப்பாஸ்தான் 1622-ல் ஆங்கிலேயர் கப்பல்களின் உதவியோடு ஹோர்முஸிலிருந்து போர்த்துகீசியரை விரட்டியவர். பந்தர் அப்பாஸ் என்ற பெயரே அவரால் வந்தது. நீங்கள் பார்த்த ஊரும் பார்க்கப் போகும் ஊரும் ஒரே அரசனின் கையில் பட்டவை. போய் வாருங்கள், அழகான ஊர். ஆனால் 'கலப்பற்ற' என்ற சொல்லைத் துபாயிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கீஷ் தீவு இன்று ஹோர்மோஸ்கான் மாகாணத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து பாண்டியருக்குக் குதிரைகள் காயல் வந்து இறங்கிய கதையைப் பலர் எழுதிவிட்டார்கள். நான் அதற்குள் போகவில்லை.

ஆனால் மத்தளத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கலப்பு என்றதும் வணிகர்கள் சந்தையில் சிரித்துப் பேசிப் பண்டம் மாற்றிக்கொண்டது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். அந்தத் தாளம் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. ஈரானில் சட்டம் அடிமை முறையை ஒழித்தது 1929-ல்தான். 'ஸார்' என்று ஒரு சடங்கு உண்டு. ஒருவரைக் காற்று பிடித்துக்கொண்டது என்பார்கள். கொட்டடித்து, பாடி, அந்தக் காற்றைச் சமாதானப்படுத்துவார்கள். விரட்டுவதில்லை. காற்று அந்த மனிதருடனேயே இருக்கும், அமைதியாக. அப்படிப்பட்டவர்களுக்கு 'அஹ்லே ஹவா', காற்றின் மக்கள் என்று பெயர். இவ்வளவு வலியைத் தாங்கி வந்த ஒரு தாளத்தை 'ஆப்பிரிக்காவுடையது' என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுபடியும் மாமாவிடம் வருகிறேன். சின்ன வயதில், பஞ்சைத் தொடையில் வைத்து உருட்டித் திரிப்பது என் வேலை. ஒருநாள் கேட்டேன், சந்தே இல்லாமல் பலகையை நெருக்கி வைத்துக் கட்டினால் இந்தப் பஞ்சே வேண்டாமே என்று. மாமா அடிப்பதை நிறுத்தாமல் சொன்னார்: "மரம் தண்ணி குடிச்சா ஊதும்டா மருமவனே. ஊத எடம் வேணும். இல்லன்னா ஒண்ணையொண்ணு தள்ளி ஆணியைப் புடுங்கிப் போடும்."

பல வருடம் கழித்து, நீங்கள் சுற்றிய அதே மாகாணத்தின் கெஷ்ம் தீவில் கூரான் என்ற ஊரில் அதே சத்தத்தைக் கேட்டேன். அலையாத்திக் காட்டை ஒட்டிய சேற்றுக் கரை. லெஞ்ச் என்று அங்கே சொல்லும் பெரிய மரக்கப்பல் ஒன்று கட்டைகள் மேல் ஏற்றி நிறுத்தப்பட்டிருந்தது. பம்பாய்க்குப் பல தடவை வந்துபோன ஒரு முதியவர், அரைகுறை இந்தியில் பேசினார். பழைய பஞ்சைக் கொக்கியால் இழுத்து எடுக்கிறார், கறுத்து, கயிறுபோல வருகிறது. புதுத் திரியைச் சந்தில் வைத்து, மழுங்கிய உளியை அதன்மேல் வைத்து மரச் சுத்தியால் அடிக்கிறார். முதலில் சத்தம் பொத்துப் பொத்தென்று அமுங்கிக் கேட்கும். சந்து நிறைய நிறைய சத்தம் கெட்டியாகும். கெட்டியான சத்தம் வந்ததும் கை தானாக அடுத்த இடத்துக்கு நகர்கிறது. கண் அங்கே அவ்வளவு முக்கியமில்லை. நான் கேட்டு வாங்கி ஒரு திரி திரித்தேன். அவர் அதை விரலால் அழுத்திப் பார்த்து, பிரித்து, எதிர்ப்பக்கமாக முறுக்கிக் காட்டினார். என் மாமா முறுக்கிய பக்கம் அதுதான். எனக்குத்தான் மறந்துபோயிருந்தது.

தண்ணீருக்குக் கீழே வரும் பாகத்துக்குச் சுண்ணாம்பையும் கொழுப்பையும் குழைத்துப் பூசுவது, மேலே சுறா ஈரல் எண்ணெய் தடவுவது, வரைபடம் எதுவுமில்லாமல் கண்ணளவிலேயே வயிற்றை வளைப்பது, எல்லாம் அவர் சொல்லித்தான் கேட்டேன். அந்த வேலைக்கான தேக்கு மலபாரிலிருந்து போனது. 2011-ல் யுனெஸ்கோ லெஞ்ச் கட்டும், ஓட்டும் அறிவை உடனே காப்பாற்ற வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. நட்சத்திரம் பார்த்து இடம் கணிப்பது, ஒவ்வொரு காற்றுக்கும் ஒரு பெயர், தண்ணீரின் நிறத்தை வைத்து வானிலை சொல்வது எல்லாம் அந்த அறிவுக்குள் வரும். பட்டியலில் சேர்த்தாயிற்று, ஆனால் ஃபைபர் படகு மலிவு. கட்டும் இடங்கள் பழுது பார்க்கும் இடங்களாகிவிட்டன. அந்த முதியவருக்குப் பக்கத்தில் திரி உருட்ட ஒரு பையன்கூட இல்லை. நீங்கள் ஆறு நாள் அந்த மாகாணத்தில் இருந்திருக்கிறீர்கள். கடிதத்தில் ஒரு லெஞ்ச் கூட இல்லை!

கைவினை கேட்டீர்கள். அதே மாகாணத்தின் மினாப் ஊரில் வியாழக்கிழமைச் சந்தை கூடும். பெண்களின் கால்சட்டையில் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பாகத்துக்கு ஜரிகை நூலால் செய்யும் 'குலாபதூன்' வேலைப்பாடு, பேரீச்ச ஓலைப் பாய், மண் பானை, எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.

அப்புறம் அந்த அம்மா. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியதே அந்த வரிதான். அந்தச் சாற்றுக்குப் பெயர் 'சூராக்'. சின்ன மீனைச் சுத்தம் செய்து, உப்பும் ஹோர்முஸ் தீவின் 'கெலக்' என்ற செம்மண்ணும் நாரத்தை போன்ற ஒரு பழத்தின் தோலும் சேர்த்து வெயிலில் நாள் கணக்கில் வைத்துப் புளிக்க விடுவார்கள். அதை ஊற்றிக் கொடுக்கும் ரொட்டி 'தொம்ஷி'. தீவில் ஒரு பெண் சுடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நீர்த்த மாவைச் சூடான கல்லில் கையாலேயே இழுத்துப் பரப்பினாள், ஓரம் காகிதம்போலச் சுருண்டது. மேலே ஒரு முட்டையை உடைத்துத் தேய்த்து, செங்காவி நிறச் சாற்றைக் கரண்டியால் தெளித்து, மடித்துக் கொடுத்தாள். உப்பு, புளிப்பு, கடைசியில் மழை விழுந்த தரையின் வாசம். அந்த வெயிலும் அந்த மீனும் அந்தத் தீவின் மண்ணும் சேர்ந்தால்தான் அது வரும். வேறு எங்கும் செய்ய முடியாத ஒன்றை, வீட்டுக்கு வந்த பிள்ளைக்கென்று ஒரு தாய் சுட்டுக் கொடுத்திருக்கிறார். பிடிக்காவிட்டால் பாதியாவது சாப்பிட்டிருக்கலாம். கீழக்கரைப் பிள்ளைக்கு விருந்து மரியாதையை நான் சொல்லித்தர வேண்டுமா?

இஸ்ஃபஹான் கிடக்கட்டும். அந்த நண்பர் அடுத்த விடுமுறைக்கு ஊர் போவார். அவரிடம் அம்மாவுக்கென்று ஒரு கிலோ நல்ல புளி கொடுத்தனுப்புங்கள். கடையில் விற்கும் கட்டிப் புளி வேண்டாம், ஊரிலிருந்து வரவழைத்தது. கோதும் கொட்டையும் நீங்களே உட்கார்ந்து எடுத்துவிடுங்கள். வரும்போது ஒரு பாட்டில் சூராக் வேண்டும் என்று நீங்கள் கேட்டதாகவும் சொல்லச் சொல்லுங்கள்.