உயிரணுச் சமிக்ஞைகள் ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதங்களை எப்படி மாற்றுகின்றன? மரபணுக் கட்டுப்பாட்டில் அதன் பங்கு என்ன?

பாடப்புத்தகப் படங்களில் எல்லாச் சமிக்ஞைப் பாதைகளும் உட்கருவுக்குள் நுழைந்து ஒரு மரபணுவை இயக்குவதோடு முடிகின்றனவே, ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். மூலக்கூறு உயிரியல் படிக்க வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அந்தப் படம் பாதிக் கதைதான் என்பது. விடுபட்டிருக்கும் மறுபாதிதான் விரைவானது. எளிதில் திருப்பிவிடக்கூடியதும் அதுவே.

மரபணுவின் நகலான தூது ஆர்.என்.ஏ. பிறக்கும்போதே அதன்மேல் இந்தப் பிணைப்புப் புரதங்கள் வந்து அமர்ந்துவிடுகின்றன. எந்த எக்ஸான் (இறுதி ஆர்.என்.ஏ.வில் இடம்பெறக்கூடிய துண்டு) தங்க வேண்டும், உட்கருவை விட்டு எப்போது வெளியேற வேண்டும், செல்லின் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும், எத்தனை முறை புரதமாக மொழிபெயர்க்கப்பட வேண்டும், எப்போது அழிய வேண்டும் என்பதையெல்லாம் தீர்மானிப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. புரதங்களை உருவாக்கும் மனித மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அவற்றுள் ஆர்.என்.ஏ. பிணைப்புப் புரதங்களுக்கானவை 1,542 என்று 2014இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு சொன்னது. இவற்றில் பலவற்றை, பாஸ்பேட்டை ஏற்றும் கைனேஸ் நொதிகள் தொட முடியும். செரின், டைரோசின் போன்ற ஓர் அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறினால், அந்தப் புரதம் ஆர்.என்.ஏ.வைப் பற்றும் வலிமையோ, அதன் கூட்டாளிகளோ, அது தங்கும் இடமோ மாறிவிடலாம். புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை. சில நிமிடங்கள் போதும். பாஸ்பேட்டை நீக்கும் நொதி வந்தால் பழைய நிலை திரும்பிவிடும்.

இதை முழுமையாக உணர ஒரே ஓர் எடுத்துக்காட்டை ஆழமாகப் படித்தால் போதும் என்பது என் கருத்து. அதற்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்வது டிரிஸ்டெட்ராப்ரோலின் என்ற புரதம். டி.என்.எஃப். போன்ற அழற்சிப் புரதங்களின் தூது ஆர்.என்.ஏ.வின் கடைசிப் பகுதியில் அடினினும் யுராசிலும் நிறைந்த வரிசைகள் இருக்கும். அத்தகைய ஒரு வரிசையை, நீண்ட நேரம் நிலைத்திருக்கும் குளோபின் ஆர்.என்.ஏ.வில் ஒட்டினால் அதுவும் விரைவில் அழிந்துவிடும் என்று 1986இலேயே காட்டினார்கள். டிரிஸ்டெட்ராப்ரோலின் அந்த வரிசையில் அமர்ந்து, ஆர்.என்.ஏ.வின் நுனியில் உள்ள அடினின் தொடரான பாலி-ஏ வாலை வெட்டும் சி.சி.ஆர்.4-நாட் நொதித் தொகுதியை அழைத்துவருகிறது. வால் குறைந்ததும் ஆர்.என்.ஏ. சிதைகிறது. அமைதியான காலத்தில் அழற்சி கட்டுக்குள் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இந்தப் புரதம் இல்லாத எலிகள் உடல் மெலிந்து, மூட்டழற்சிக்கும் ஆளாவது 1996இல் தெரியவந்தது. பெரும்பாலும் மிகையான டி.என்.எஃப்.தான் காரணம்.

இப்போது நோயெதிர்ப்புச் செல்லான ஒரு மேக்ரோபேஜ், பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள லிப்போபாலிசாக்கரைடை உணர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பி38 கைனேஸ் விழித்து எம்.கே.2 கைனேஸைத் தூண்டுகிறது. எம்.கே.2, எலியின் டிரிஸ்டெட்ராப்ரோலினில் 52ஆம், 178ஆம் செரின்களில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. உடனே 14-3-3 புரதங்கள் அங்கே ஒட்டிக்கொள்கின்றன. வால் வெட்டும் வேலை தடைபடுகிறது. உட்கருவில் படியெடுத்தலும் (மரபணுவிலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதும்) அதே நேரத்தில் முடுக்கப்படுவதால் டி.என்.எஃப். வெள்ளமாகப் பெருகுகிறது. எம்.கே.2 இல்லாத எலிகளில் டி.என்.எஃப். உற்பத்தி சுமார் 90 சதவீதம் குறைந்து, அவை பாக்டீரியா நச்சால் வரும் அதிர்ச்சியிலிருந்து தப்பிப் பிழைத்தன என்பது 1999ஆம் ஆண்டு முடிவு.

இந்த அமைப்பில் என்னை மிகவும் கவர்வது அடுத்த கட்டம். பாஸ்பேட் ஏறிய டிரிஸ்டெட்ராப்ரோலின் செயலற்றது. ஆனால் எளிதில் சிதையாதது. அதன் உற்பத்தியும் பி38 வழியாகவே தூண்டப்படுகிறது. ஆக, அழற்சி உச்சத்தில் இருக்கும்போதே அதை அடக்கப்போகும் புரதம் உறங்கிய நிலையில் குவிந்துகொண்டே போகிறது. பி38 தணிந்ததும் பி.பி.2ஏ நொதி பாஸ்பேட்டைக் கழற்ற, குவிந்திருந்த புரதம் முழுவதும் வேலையில் இறங்குகிறது. தூண்டிய சமிக்ஞையே முடிவுக்கான ஏற்பாட்டையும் செய்துவைக்கிறது! அந்த இரண்டு செரின்களையும் பாஸ்பேட் ஏற முடியாத அலனினாக மாற்றிய எலிகளில் இந்தப் புரதம் எப்போதும் செயல்நிலையில் இருந்தது. அவை நச்சு அதிர்ச்சியைத் தாங்கின (2015).

பாஸ்பேட் ஏறுவது மட்டும்தான் சமிக்ஞை என்று எண்ணிவிடாதீர்கள். ஓய்விலிருக்கும் டி செல்லில் (ஒரு வகை நோயெதிர்ப்புச் செல்) ஜி.எஸ்.கே.3 கைனேஸ், பி.எஸ்.எஃப். என்ற புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றி, டிராப்150 என்ற மற்றொரு புரதத்தோடு பிணைத்து வைத்திருக்கிறது. டி செல் தூண்டப்பட்டதும் ஜி.எஸ்.கே.3 அடங்குகிறது, விடுபட்ட பி.எஸ்.எஃப்., சி.டி.45 மரபணுவின் ஆர்.என்.ஏ.வில் அமர்ந்து ஒரு எக்ஸானை ஒதுக்கவைக்கிறது. மரபணு அதேதான், கிடைக்கும் புரதம் வேறு. இடத்தைப் பொறுத்த கட்டுப்பாட்டுக்கு இசட்.பி.பி.1 என்ற புரதம் நல்ல சான்று: செல்லின் சட்டகப் புரதமான பீட்டா-ஆக்டினின் ஆர்.என்.ஏ.வை மொழிபெயர்க்க விடாமல் செல்லின் விளிம்புவரை அழைத்துச்சென்று, அங்கே சார்க் கைனேஸ் பாஸ்பேட் ஏற்றிய பிறகே விடுகிறது. இரும்புச்சத்தை உணரும் ஐ.ஆர்.பி.1 புரதத்துக்கோ கைனேஸ்கூடத் தேவையில்லை. இரும்பு-கந்தகத் தொகுதி கிடைத்தால் அது அகோனிடேஸ் நொதியாகிறது, கிடைக்காவிட்டால் ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்கிறது.

டிரிஸ்டெட்ராப்ரோலின் பற்றிச் சொன்னதைச் சோதிக்க விரும்பினால், மேக்ரோபேஜ்களை லிப்போபாலிசாக்கரைடால் தூண்டி, பிறகு ஆக்டினோமைசின் டி கொண்டு படியெடுத்தலை நிறுத்துங்கள். ஒரு பகுதிக்கு மட்டும் பி38 தடுப்பானும் கொடுத்து, டி.என்.எஃப். ஆர்.என்.ஏ. எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று குறுகிய இடைவெளிகளில் அளந்து ஒப்பிடுங்கள். மொத்த அளவை ஒரே ஒரு வேளையில் அளந்தால், உற்பத்தி கூடியதா சிதைவு குறைந்ததா என்று பிரித்தறிய முடியாது. தடுப்பானைப் பல மணிநேரம் முன்கூட்டியே கொடுக்காதீர்கள். டிரிஸ்டெட்ராப்ரோலினின் அளவே மாறிவிடும், அப்போது நீங்கள் காண்பது பாஸ்பேட்டின் விளைவா புரத அளவின் விளைவா என்று சொல்ல இயலாது. அந்த ஐயம் நீங்க, டிரிஸ்டெட்ராப்ரோலின் இல்லாத செல்களில் அலனின் வடிவத்தையும் இயல்பான வடிவத்தையும் தனித்தனியே திரும்பச் செலுத்தி, இரண்டின் புரத அளவும் சமமாக இருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு அதே சோதனையைச் செய்யுங்கள்.