செருப்பைக் கடித்த நாய்க்குக் குற்றவுணர்ச்சி உண்டா?

வணக்கம் சார்,

எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள். நாலு வயது லேப்ரடார், ஒன்றரை வயது சிப்பிப்பாறை. லேப் சொன்ன பேச்சு கேட்கும். உட்கார், கை கொடு, பந்தை எடுத்து வா எல்லாம் அத்துப்படி. சிப்பிப்பாறையோ கூப்பிட்டால் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு அதன் வேலையைப் பார்க்கப் போய்விடும். “இது மக்கு, தம்பி தோட்டத்துக்கு அனுப்பிவிடலாம்” என்கிறார் என் கணவர்.

இன்னொன்று. லேப் செருப்பைக் கடித்துக் குதறிய நாளில், நாங்கள் வாசல் கதவைத் திறக்கும்போதே தலையைத் தொங்கப்போட்டு, காதை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கும். தப்பு என்று தெரிந்தேதான் செய்கிறது, அதனால் ரெண்டு போடலாம் என்பது இவர் கட்சி. நாய்க்கு இரண்டு வயதுக் குழந்தையின் அறிவு உண்டு என்று படித்தேன். குற்றவுணர்ச்சி, பொறாமை எல்லாம் அதற்கு உண்மையிலேயே உண்டா, நாமாக ஏற்றிச் சொல்கிறோமா?

சு., விருதுநகர்

அன்புள்ள சு.,

உங்கள் கணவரின் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில்தான் நாய்க்கு அடி விழுகிறது.

நியூயார்க்கின் பர்னார்ட் கல்லூரியில் நாய்களை ஆராயும் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். 14 நாய்கள், கூடவே அவற்றை வளர்ப்பவர்கள். வளர்ப்பவர் ஒரு தின்பண்டத்தைக் காட்டி ‘தொடாதே’ என்று சொல்லிவிட்டு அறையை விட்டுப் போய்விட வேண்டும். திரும்பி வரும்போது, நாய் தின்றுவிட்டது என்று ஆராய்ச்சியாளர் சொன்னால் அதட்ட வேண்டும், தின்னவில்லை என்றால் கொஞ்ச வேண்டும். இதில் ஒரு கள்ளத்தனம் வைத்திருந்தார். சில முறை ஆராய்ச்சியாளரே பண்டத்தை நாய்க்கு ஊட்டிவிட்டு, அது சமர்த்தாக இருந்ததாகச் சொல்லிவிடுவார். சில முறை நாய் வாயே வைத்திருக்காது, தின்றுவிட்டதாகக் கோள் மூட்டுவார். அந்தக் குற்றவாளி முகம் எப்போது வந்தது தெரியுமா? தின்றதோ இல்லையோ, அதட்டல் விழுந்தபோது வந்தது. தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களிடம் இன்னும் தூக்கலாகத் தெரிந்தது.

‘நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே நிற்கிறதே’ என்பீர்கள். கிழிந்த செருப்பு தரையில் கிடந்து, அந்த நேரம் பார்த்து நீங்களும் உள்ளே வந்தால் வீட்டில் ரகளை நடக்கும் என்பதை அது பழகித் தெரிந்துகொண்டிருக்கிறது. கிழித்தது யார் என்ற விசாரணையெல்லாம் அதற்குத் தேவையே இல்லை. வேண்டுமானால் லேப் கொல்லைப்புறம் இருக்கும்போது நீங்களே ஒரு பழைய செருப்பை வெட்டி, கூடத்தில் போட்டுவிட்டு வெளியே போய் வாருங்கள். ஒரு பாவமும் அறியாத நாய் அதே மூலையில் போய் நிற்க வாய்ப்பு அதிகம். கணவரையும் கூட்டிக்கொண்டு போய்ச் செய்யுங்கள்.

தலையைத் தாழ்த்துவது, காதைப் பின்னால் ஒட்டிக்கொள்வது, கண்ணைத் தவிர்ப்பது, வாலைக் கீழே இறக்கி நுனியை மட்டும் ஆட்டுவது எல்லாமே ‘என்னை ஒன்றும் செய்துவிடாதே’ என்று எதிரில் இருப்பவரைச் சாந்தப்படுத்துகிற முயற்சிகள். எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும் என்று நாலடியார் நாயைப் புகழ்கிறது. அறிந்தறிந்தும் பாகனைக் கொல்லும் யானை போன்றவர்களைவிட இப்படிப்பட்ட நட்பே மேல் என்கிறது. எனக்குப் பிடித்த பாட்டுதான். ஆனால் அந்த வாலில் நன்றி எவ்வளவு, மிரட்சி எவ்வளவு என்று இப்போது படிக்கும்போது யோசிக்கத் தோன்றுகிறது. வால் ஆடினாலே சந்தோஷம் என்று எடுத்துக்கொள்வது நம் பழக்கம். 2007ல் இத்தாலிய ஆய்வாளர்கள் படம்பிடித்துப் பார்த்தபோது, நாய்கள் தங்களை வளர்ப்பவரைக் கண்டால் வாலை வலப்பக்கம் கூடுதலாகவும், முறைப்பான அந்நிய நாயைக் கண்டால் இடப்பக்கம் கூடுதலாகவும் ஆட்டின.

அதற்காக நாய்க்கு உணர்ச்சியே கிடையாது என்று நான் சொல்லவில்லை. பயம், குதூகலம், நாம் ஊருக்குப் போனால் வருகிற தவிப்பு எல்லாம் அசல்தான். 2015ல் ஜப்பானின் அசாபு பல்கலைக்கழகத்தினர் ஒன்றைக் காட்டினார்கள். நாயும் வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டால் இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் ஏறுகிறது. தாய்க்கும் சேய்க்கும் நடுவே வேலை செய்கிற அதே ஹார்மோன். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை.

பொறாமையும் ஓரளவு உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். 2014ல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் 36 நாய்களுக்கு முன்னால், அவற்றின் சொந்தக்காரர்கள் குரைக்கும் பொம்மை நாய் ஒன்றைக் கொஞ்சினார்கள். அதே சொந்தக்காரர்கள் ஒரு புத்தகத்தை வாசித்தபோது பெரும்பாலும் சும்மா இருந்த நாய்கள் இப்போது இடையில் புகுந்தன, முட்டித் தள்ளின, சில பொம்மையைக் கவ்வப் பாய்ந்தன. பெரும்பாலானவை பொம்மையின் பின்பக்கத்தை முகர்ந்தும் பார்த்தன. வந்திருக்கும் சக்களத்தி யார் என்று விசாரிக்க வேண்டாமா! ஆனால் பொறாமை கண் முன்னால் நடப்பதற்கு உடனே கிளம்புவது. குற்றவுணர்ச்சிக்கு, காலையில் செய்ததை ஒரு விதியோடு ஒப்பிட்டு மாலையில் வருந்த வேண்டும். நாய் அப்படிச் செய்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை.

சரி, மக்குக்கு வருவோம்.

லேப்ரடாரின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு வலை இழுத்த நாய்கள். பிறகு இங்கிலாந்துப் பிரபுக்கள் சுட்டு வீழ்த்திய பறவையைத் தேடி எடுத்து வந்து கையில் கொடுக்க வளர்த்தார்கள். தலைமுறை தலைமுறையாக மனிதன் முகத்தைப் பார்த்து வேலை செய்த சாதி. இதில் இன்னொரு ரகசியமும் உண்டு. 2016ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு ஒரு மரபணுவில் சிறு துண்டு விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். விடுபட்டவை சாப்பாட்டுக்கு அலைகின்றன, எளிதில் குண்டாகின்றன. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவப் பயிற்சி தரும் லேப்களில் அந்த மரபணுக் குறை 76 சதவீதம்! பிஸ்கட்டுக்கு எதையும் செய்யும் நாய்தான் பயிற்சிக்குத் தோதானது. உங்கள் லேப் கை கொடுக்கும்போது அது பார்ப்பது உங்கள் முகத்தையா, மற்றக் கையிலிருக்கும் பிஸ்கட்டையா என்று கவனியுங்கள்.

சிப்பிப்பாறை உங்கள் மாவட்டத்துக்காரன். முயலைக் கண்ணால் கண்டு துரத்த வளர்த்த இனம். முயல் திடீரென்று வெட்டித் திரும்பும்போது பின்னால் நிற்பவனின் உத்தரவுக்காக அது காத்திருந்தால் வேட்டை போச்சு. அந்த இடத்தில் தானே முடிவெடுக்கிற நாயைத்தான் நம் ஆட்கள் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார்கள். முயல் வேட்டை இப்போது சட்டப்படி குற்றம், ஆனால் நாயின் கால்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. கையால் சுட்டிக் காட்டும் இடத்தைக் கண்டுகொள்வதில், மனிதரோடு சேர்ந்து வேலை செய்ய வளர்த்த இனங்கள் தனித்து ஓடும் இனங்களை முந்துகின்றன என்று புடாபெஸ்ட்டில் சோதித்திருக்கிறார்கள். அந்தப் பரீட்சையின் கேள்வித்தாளே லேப்புக்காகத் தயாரித்தது போலிருக்கிறது.

இரண்டு வயதுக் குழந்தை என்ற கணக்கில் எனக்கு ருசி இல்லை. அமெரிக்காவில் சேசர் என்ற பார்டர் கோலி நாய் 1,022 பொம்மைகளைப் பெயர் சொன்னால் அடையாளம் கண்டு எடுத்தது. ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி மூன்று ஆண்டுகள், தினம் நாலைந்து மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். எந்த இரண்டு வயதுப் பிள்ளை அப்படி உட்காரும்? இன்னொரு பக்கம், அந்தப் பிள்ளை போடும் கேள்விகளில் ஒன்றைக்கூட சேசர் கேட்டதில்லை.

இனத்தை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடவும் கூடாது. 18,000க்கு மேற்பட்ட நாய்களை வைத்து 2022ல் வந்த ஆய்வு, ஒரு நாயின் குணத்தில் இனத்தின் பங்கு சராசரியாக 9 சதவீதம்தான் என்கிறது. எங்கள் வீட்டில் ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு நாட்டு நாய்கள் இருக்கின்றன. பூச்சி மாத்திரையைத் தயிர்சாதத்தில் பிசைந்து வைத்தால் கறுப்பன் மாத்திரையோடு சேர்த்து வழித்து நக்கிவிடுவான். செவலை சோறு முழுவதையும் தின்றுவிட்டு, மாத்திரையை மட்டும் தட்டின் ஓரத்தில் சுத்தமாக ஒதுக்கி வைத்திருப்பாள். தீபாவளி வெடிக்குக் கறுப்பன் கட்டிலுக்கு அடியில். செவலை கேட்டருகே உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். ஒரே தாய், ஒரே பால், ஒரே தயிர்சாதம்.

அடியை இன்றோடு நிறுத்திவிடுங்கள். நேரம் கடந்து விழும் அடியில் அது கற்பது உங்களைக் கண்டு பயப்படுவதை மட்டும்தான். செருப்பை உயரமான ஸ்டாண்டுக்கு மாற்றுங்கள், கடிக்க வேறு ஏதாவது கொடுங்கள், எவ்வளவு நேரம் தனியாக விடுகிறீர்கள் என்றும் பாருங்கள். சிப்பிப்பாறைக்கு விடியற்காலையில் வேலி போட்ட திடலில் நன்றாக ஓட வழி உண்டென்றால் வீட்டிலேயே இருக்கட்டும். வழியே இல்லையென்றால் தோட்டம் நல்ல யோசனை. ஆனால் அங்கே அவிழ்த்து விடுவாரா, பம்புசெட் பக்கம் சங்கிலியில் கட்டிப்போடுவாரா என்று தம்பியிடம் முதலில் கேளுங்கள். கட்டிப்போடுவதானால் அனுப்ப வேண்டாம்.