கறுப்புக் கோட்டை விட்டு ரோபோ ஏன் விலகுகிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆர்டுயினோ யூனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் (நிரலை இயக்கும் சிறு கணினி) பலகை, இரண்டு பி.ஓ. மோட்டார்கள் (பேட்டரியில் ஓடும் சிறிய மோட்டார்கள்), சில அகச்சிவப்பு சென்சார்கள் ஆகியவற்றைக் கொண்டு கோட்டைத் தொடரும் ரோபோ செய்துவரும் வாசகர்களின் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். பலரும் நிரலை அனுப்பி எங்கே தவறு என்று கேட்டிருந்தார்கள். ஆனால் தவறு பெரும்பாலும் நிரலுக்கு வெளியே, சென்சாரின் உயரத்திலோ பேட்டரியிலோதான் இருந்தது.

இரவில் வீட்டில் சரியாக ஓடிய ரோபோ, காலையில் பள்ளிக் கண்காட்சியில் ஜன்னலோரம் வைத்ததும் கோட்டைக் கவனிக்காமல் நேராகப் போய்விட்டது. சென்சார் கெட்டுவிட்டதா?

சென்சார் கெடவில்லை, அதற்கு வெயில் கண்ணைக் கூசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பயன்படுத்தும் டிசிஆர்டி5000 சென்சாரில் நீலச் சாயலில் இருக்கும் பகுதி அகச்சிவப்பு ஒளியை உமிழ்கிறது. பக்கத்திலிருக்கும் கறுப்புப் பகுதி, தரையில் பட்டுத் திரும்பும் ஒளியை வாங்குகிறது. வெள்ளைத் தரை அதிகமாகத் திருப்பி அனுப்பும், கறுப்புக் கோடு விழுங்கிவிடும் என்பதே இதன் அடிப்படை. சூரிய ஒளியில் அகச்சிவப்பு ஏராளமாக இருப்பதால், ஜன்னலோரத்தில் கறுப்புக் கோட்டின் மீதும் சென்சாருக்குப் போதிய ஒளி கிடைத்து, இரண்டு சென்சார்களும் 'வெள்ளை' என்றே சொல்லிவிடுகின்றன. வீட்டிலுள்ள எல்.இ.டி. விளக்கில் அகச்சிவப்பு மிகக் குறைவு என்பதால் இரவில் இந்தச் சிக்கல் எழவில்லை.

முதலில் உயரத்தைச் சரிபாருங்கள். இந்தச் சென்சார் மிக நன்றாக வேலை செய்வது ஏறத்தாழ 2.5 மி.மீ. தூரத்தில்தான், ஒரு செ.மீ. உயரத்தில் பொருத்திவிட்டு நிரலை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. ஒரு பயிற்சி வகுப்பில் மாணவர்களும் நானும் அரை நாள் நிரலோடு போராடிய பிறகுதான், சென்சார் பலகையைத் தாங்கிய ஸ்க்ரூ ஒன்று தளர்ந்து அதன் ஒரு முனை மட்டும் மேலே தூக்கிக்கொண்டிருந்ததைக் கவனித்தோம். அதன் பிறகு, நிரலைத் திறப்பதற்கு முன் ரோபோவைத் தரையில் வைத்துக் குனிந்து பக்கவாட்டில் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

அடுத்து, கறுப்பு சார்ட் அட்டையைப் பட்டையாக வெட்டிச் சென்சார்களைச் சுற்றிப் பாவாடைபோல ஒட்டினால் பக்கவாட்டு வெளிச்சம் பெருமளவு மறையும். சென்சார் பலகையில் உணர்திறனை மாற்றும் சிறிய திருகை, ரோபோ ஓடப்போகும் இடத்திலேயே, கறுப்பிலும் வெள்ளையிலும் மாற்றி மாற்றி வைத்துத் திருப்பிச் சரிசெய்யுங்கள். கோட்டைக் கணினியில் வரைந்து அச்சிடுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இங்க்ஜெட் அச்சுப்பொறிகளில் வரும் சில சாயக் கறுப்பு மைகள் நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரிந்தாலும் அகச்சிவப்பை விழுங்குவதில்லை. கரி கலந்த லேசர் டோனரோ கறுப்பு இன்சுலேஷன் டேப்போ அந்தச் சிக்கலைத் தராது.

புதிய 9 வோல்ட் பேட்டரிதான் போட்டிருக்கிறேன். மோட்டார் சுழலத் தொடங்கியதும் பலகை அணைந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

புகை எச்சரிக்கைக் கருவிகளிலும் மல்டிமீட்டரிலும் வரும் அந்தச் சதுரமான 9 வோல்ட் பேட்டரி, சிறிய மின்னோட்டத்தை நீண்ட நாள் தருவதற்காகச் செய்யப்பட்டது. மோட்டார் நின்ற நிலையிலிருந்து புறப்படும்போது, ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்தப் பேட்டரியின் உள்மின்தடை அதிகமாக இருப்பதால் அந்த நொடியில் மின்னழுத்தம் சரிந்து, மைக்ரோகண்ட்ரோலர் தன்னைத் தானே மீட்டமைத்துக்கொள்கிறது. 18650 வகை லித்தியம் செல்கள் இரண்டைத் தொடராக இணைத்தால் 7.4 வோல்ட் கிடைக்கும். உங்களிடமுள்ள எல்298என் டிரைவர் (பலகையின் கட்டளைப்படி மோட்டாருக்கு மின்சாரம் தரும் சுற்று), 1 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தானே எடுத்துக்கொண்டுவிடும் என்பதால் மோட்டாருக்கு 5 வோல்ட் சொச்சம்தான் போய்ச் சேரும். 3 முதல் 6 வோல்ட் வரை தாங்கும் பி.ஓ. மோட்டாருக்கு அது பொருத்தமானது. பாதுகாப்புச் சுற்று இல்லாத லித்தியம் செல்லின் இரு முனைகளும் கம்பியால் தொட்டுக்கொண்டால் தீப்பிடிக்கக்கூடும். சிறுவர்கள் பெரியவர்களை அருகில் வைத்துக்கொண்டே இணைக்க வேண்டும். பலகைக்கும் மோட்டாருக்கும் தனித்தனிப் பேட்டரி வைப்பவர்கள் இரண்டின் கிரவுண்டையும் (எதிர்முனை இணைப்பை) ஒன்றாக இணைக்க மறக்கக் கூடாது.

ஐந்து சென்சார் வைத்து பி.ஐ.டி. முறையில் (கோட்டிலிருந்து விலகிய அளவைக் கொண்டு திருப்பத்தைக் கணக்கிடும் முறை) எழுதியிருக்கிறேன். நேர்கோட்டில்கூடப் பாம்புபோல நெளிகிறது. சில சமயம் திடீரென எதிர்த்திசையில் திரும்பிவிடுகிறது.

இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். திடீர்த் திருப்பத்தை முதலில் பார்ப்போம். இடமிருந்து வலமாகச் சென்சார்களுக்கு 0, 1000, 2000, 3000, 4000 என்று எடை (அதன் இடத்தைக் குறிக்கும் எண்) கொடுத்திருக்கிறீர்கள். ஒரு கணத்தில் அளவீடுகள் 0, 200, 900, 100, 0 என்று வந்தால், எடையால் பெருக்கிய கூட்டுத்தொகை 23,00,000. அதை அளவீடுகளின் கூட்டுத்தொகையான 1,200 ஆல் வகுத்தால் கோட்டின் இடம் 1,917. நடுப்புள்ளி 2,000 என்பதால் கோடு 83 அலகு இடப்பக்கம் இருக்கிறது என்று பொருள். கணக்கு சரிதான், ஆனால் அந்த 23 லட்சத்தை நீங்கள் 'இன்ட்' (சிறிய முழு எண்) வகை மாறியில் வைத்திருக்கிறீர்கள். யூனோவில் 'இன்ட்' 32,767-ஐத் தாண்டாது. தாண்டினால் எண் சுற்றிக்கொண்டு பொருளற்ற மதிப்பாகிவிடும். அந்த மாறியை 'லாங்' (பெரிய முழு எண்) என்று மாற்றி, எடைகளையும் 'லாங்' ஆக வைத்தே பெருக்குங்கள்.

இனி நெளிவு. உங்கள் நிரலில் ஒவ்வொரு சுற்றிலும் சென்சார் மதிப்புகளை வினாடிக்கு 9600 பிட் வேகத்தில் கணினித் திரைக்கு அனுப்பும் வரியை நீக்காமல் விட்டிருக்கிறீர்கள். அந்த வேகத்தில் ஓர் எழுத்து செல்ல ஏறத்தாழ 1 மில்லிவினாடி ஆகிறது. 30 எழுத்து என்றால் 30 மில்லிவினாடி. 65 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 200 முறை சுழன்றால் ரோபோ வினாடிக்கு 68 செ.மீ. நகரும், அந்த 30 மில்லிவினாடிக்குள் 2 செ.மீ. போய்விடும். இன்சுலேஷன் டேப்பின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு டேப் அகலம் நடந்துவிட்டு, பிறகு கண் திறந்து பார்ப்பவர் நெளியாமல் எப்படி நடப்பார்? ஐந்து சென்சார்களையும் படிக்க யூனோவுக்கு அரை மில்லிவினாடிதான் தேவை. ஓடும்போது அந்த வரியையும், இடையிலுள்ள 'டிலே' (காத்திரு) கட்டளைகளையும் நீக்கிவிடுங்கள்.

அதன் பிறகு பி.ஐ.டி.-யின் மூன்று கெழுக்களை (பெருக்கும் எண்களை) சரிசெய்யுங்கள்: பி இப்போதைய விலகலுக்கும், ஐ இதுவரை சேர்ந்த விலகலுக்கும், டி விலகல் மாறும் வேகத்துக்கும் உரியவை. ஐ, டி இரண்டையும் பூஜ்யமாக்கி, பி-யை மட்டும் கோட்டின் இருபுறமும் ரோபோ லேசாக ஆடத் தொடங்கும் வரை சிறிது சிறிதாக உயர்த்துங்கள். பிறகு டி-யை உயர்த்தினால் ஆட்டம் அடங்கும். கோட்டைத் தொடரும் வேலைக்கு ஐ பெரும்பாலும் தேவைப்படாது. பேட்டரி முழுதாக நிறைந்திருக்கும்போது கண்டுபிடித்த மதிப்பு, அது பாதி வடிந்த பிறகு அப்படியே பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

செங்கோணத் திருப்பத்தில் கோடு தொலைந்துவிட்டால் என்ன செய்வது?

கடைசியாக எந்தப் பக்கச் சென்சார் கறுப்பைப் பார்த்தது என்பதை ஒரு மாறியில் சேமித்துக்கொண்டே வாருங்கள். எல்லாச் சென்சாரும் வெள்ளையைக் காட்டினால், நடுச் சென்சார் மறுபடியும் கறுப்பைக் காணும் வரை அந்தப் பக்கமாகவே, ஒரு சக்கரத்தை முன்னும் மற்றதைப் பின்னும் சுழற்றித் திருப்புங்கள்.

ஒரு மோட்டாரின் வேகம் மட்டும் மாறுவதே இல்லை. எப்போதும் முழு வேகத்தில் ஓடுகிறது.

எல்298என் பலகையில் ஒவ்வொரு மோட்டாருக்கும் மோட்டாரை இயங்க அனுமதிக்கும் ஓர் எனேபிள் முள்ளும் அதன் மேல் ஒரு சிறிய ஜம்பர் தொப்பியும் இருக்கும். அந்தத் தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்த முள்ளை யூனோவின் 3, 5, 6, 9, 10, 11 ஆகிய பின்களில் ஒன்றோடு இணைத்தால்தான் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியும். அதே நிரலில் சர்வோ மோட்டார்களை இயக்கும் சர்வோ நூலகத்தையும் சேர்த்திருந்தால் 9, 10 இரண்டும் வேகக் கட்டுப்பாட்டுக்கு உதவாது. 5, 6 பின்களுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.