படகு கவிழ்ந்த பிறகு கடலுக்குப் போகாத கணவர்

தங்கச்சிமடம் சகோதரிக்கு, படகு கவிழ்ந்து ஐந்து மாதமாகியும் கணவர் கடலுக்குப் போகவில்லை, தூக்கத்தில் அலறி எழுகிறார், மாமியார் ஏர்வாடி தர்காவுக்குக் கூப்பிடுகிறார் என்று எழுதியிருந்தீர்கள்.

இது கோழைத்தனம் இல்லை. உயிர் தப்பியவர்களுக்கு வருகிற மன அதிர்ச்சி நோயாக இருக்கலாம்; குணப்படுத்த வழி உண்டு. உளச்சிகிச்சையில் பல வகை. சிறுவயதுக் கதையை வருடக்கணக்கில் கிளறுவது இவருக்கு இப்போது தேவைப்படாது. அதிர்ச்சிக்கென்றே உள்ள அறிவாற்றல் நடத்தை சிகிச்சையைக் கேளுங்கள். பயந்து ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும் என்பதுதான் அதன் அடிப்படை. அதனால் படிப்படியாகப் பழக்குவார்கள்: முதலில் கரையில் உட்கார்ந்து வலை பின்னுவது, அப்புறம் நங்கூரமிட்ட படகில் ஏறி, படபடப்பு தணியும்வரை இறங்காமல் இருப்பது. கடலுக்குள் போவதெல்லாம் பிறகு. சொந்தக்காரர்கள் வலுக்கட்டாயமாகப் படகில் ஏற்றினால் பயம் கூடத்தான் செய்யும், தயவுசெய்து விடாதீர்கள்.

முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை வேண்டுமா என்று அவர் சொல்லட்டும். மாமியார் தர்காவில் துஆ செய்யட்டும், தடுக்க வேண்டாம்; ஆனால் அங்கே தங்கவைத்து வைத்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 2001-இல் ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத் தீயில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகியதை நம் மாவட்டம் மறக்கக் கூடாது.

இரவில் "செத்தே போயிருக்கலாம்" என்று பேசினால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 14416-க்குக் கூப்பிடுங்கள்; அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம். அவரைத் தனியாகவும் விடாதீர்கள்.